கான்பூர் கல்லறையிலிருந்து எழுந்து பறந்த லிபரேட்டர்கள்

போன மாசம் எங்க ஆஸ்பத்திரியில ஒரு பழைய ஓ.டி. லைட் படுத்துடுச்சு. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி பல வருஷம் ஆச்சு. "புதுசு வாங்கிடுங்க டாக்டர்"னு எல்லாரும் சொன்னாங்க. பயோமெடிக்கல் தம்பி மட்டும் ஒண்ணும் சொல்லல. மூடியைக் கழட்டினார். உள்ளே ஓரத்துல ஒட்டியிருந்த நகம் அளவு தகட்டை டார்ச் அடிச்சுப் படிச்சார். ஒரு நம்பரைக் கையில பேனாவால எழுதிக்கிட்டுப் போயிட்டார். மூணாவது நாள், எங்கேயோ மூடிப்போன ஒரு நர்சிங் ஹோமோட பழைய சாமான்ல இருந்து அதே நம்பர் போட்ட பாகத்தோட வந்து மாட்டிட்டுப் போனார். லைட் எரியுது.

அன்னிக்கு ராத்திரி எனக்கு கான்பூர் ஞாபகம் வந்தது. 1948 கான்பூர். அந்தக் கதையைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். சுகர், பிரஷர் பத்தி எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். ஞாயித்துக்கிழமை எனக்கும் லீவு வேணும்ல.

கதையோட நாயகன் ஒரு விமானம். கன்சாலிடேட்டட் பி-24 லிபரேட்டர். நாலு எஞ்சின், இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 110 அடி, கிட்டத்தட்ட பத்து பேர் பணிபுரியும் கனரக குண்டுவீச்சு விமானம். அழகுன்னு சொல்ல முடியாது, பெட்டி மாதிரி உடம்பு. ஆனா இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இதை 18,000க்கு மேல் தயாரித்தது. மிச்சிகனில் ஃபோர்டு கட்டிய வில்லோ ரன் தொழிற்சாலை உச்சத்தில் இருந்தபோது மணிக்கு ஒரு விமானம் வீதம் வெளியே வந்தது. கார் செய்யற மாதிரி குண்டுவீச்சு விமானம் செஞ்சாங்க.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னா, இருக்கு. பிரிட்டிஷ் விமானப்படையின் 200ஆவது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களை வெச்சுக்கிட்டு 1944ல் இருந்தது நம்ம பரங்கிமலையில. வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடறது அவங்க வேலை. லிபரேட்டர் ஓட்டப் பயிற்சி கொடுத்த பிரிவு கோலாரில் இருந்தது. இலங்கையில் மின்னேரியாவிலிருந்து கிளம்பிய லிபரேட்டர்கள் 1945ல் சிங்கப்பூர் வரை போய் கடல் கண்ணிவெடி போட்டுட்டுத் திரும்பி வந்தன. மேப்பை எடுத்து அந்த தூரத்தை ஒரு தடவை பாருங்க. நடுவுல இறங்க இடமே கிடையாது.

சரி, போர் முடிஞ்சுது. இங்கே தான் விஷயம் ஆரம்பிக்குது.

பிரிட்டன் இந்த விமானங்களைக் காசு கொடுத்து வாங்கல. லெண்ட்-லீஸ்னு ஒரு அமெரிக்கச் சட்டம், 1941 மார்ச். அதுக்கு முன்னாடி 1940 டிசம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் பத்திரிகைக்காரங்ககிட்ட இதை விளக்கின விதம் பிரபலம்: பக்கத்து வீடு தீப்பிடிச்சா நம்ம தண்ணி ஹோஸைக் கொடுப்போம், அந்த நேரத்துல ஹோஸுக்கு விலை பேச மாட்டோம், தீ அணைஞ்சதும் ஹோஸ் திரும்ப வந்தா போதும். அதாவது இரவல். போர் முடிஞ்சதும் இரவல் பொருளைத் திருப்பிக் கொடுக்கணும், இல்ல காசு கொடுத்து வெச்சுக்கணும், இல்ல அழிச்சுடணும். ஆயிரக்கணக்கான பழைய குண்டுவீச்சு விமானங்களைத் திரும்ப வாங்கி அமெரிக்கா என்ன பண்ணும்? அவங்க ஊர்லயே வெட்டி அலுமினியமா உருக்கிக்கிட்டு இருந்தாங்க. பிரிட்டன்கிட்ட காசும் இல்லை.

அதனால இந்தியாவில் இருந்த லிபரேட்டர்களைக் கான்பூரின் சக்கேரி தளத்துக்குக் கொண்டுவந்து வரிசையா நிறுத்தினாங்க. அப்புறம் அவை இனிமேல் பறக்கவே கூடாதுன்னு வேணும்னே சேதப்படுத்தினாங்க. கடப்பாரையால உடம்புல ஓட்டை போட்டது, வண்டியைக் கொண்டுவந்து மோதினது, மீட்டர்களை உடைச்சது, எஞ்சினுக்குள்ள மணலைக் கொட்டினதுன்னு அந்தக் காலத்து விவரிப்புகள் சொல்லுது. மணல் கொட்டறதுங்கறது ரொம்ப யோசிச்சு செய்யற கொலை. ஓட்டையை ஒட்டுப் போடலாம். எஞ்சினுக்குள்ள மணல் போனா ஒவ்வொரு பேரிங்கையும் கழட்டிக் கழுவாம ஸ்டார்ட் பண்ணவே முடியாது. பண்ணினா அதோட அது காலி.

பிரிட்டிஷார் கிளம்பிட்டாங்க. மழை, வெயில், புல். லிபரேட்டர்கள் அப்படியே நின்னுச்சு.

1947 அக்டோபரில் காஷ்மீரில் போர். புதுசா சுதந்திரம் வாங்கின நாட்டோட விமானப்படைகிட்ட டகோட்டா இருந்தது, டெம்பெஸ்ட் இருந்தது, ஸ்பிட்ஃபயர் இருந்தது. கனரக குண்டுவீச்சு விமானம் ஒண்ணுகூட கிடையாது. வெளியே வாங்கப் பணம் இல்லை. அப்போ யாருக்கோ கான்பூர் ஞாபகம் வந்திருக்கு. வெளிநாட்டு நிபுணர்கள் அந்த விமானங்களைத் தேறாதுன்னு கைவிட்டிருந்தாங்க. நம்ம பாஷையில சொன்னா, டிஸ்சார்ஜ் எழுதி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க.

கேஸ் பெங்களூருக்குப் போச்சு. ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், அதாவது இன்னிக்கு எச்.ஏ.எல்.

இதை "இந்திய மூளையின் அதிசயம்"னு வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரி சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. அதிசயத்துக்குக் காரணம் உண்டு. வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசோட சேர்ந்து 1940 டிசம்பரில் இந்த ஆலையைத் தொடங்கினார். 1943லிருந்து போர் முடியும் வரை அது அமெரிக்க விமானப்படையின் கையில் ஒரு மாபெரும் பழுதுபார்ப்புக் கூடமாக இருந்தது. இந்தப் பிராந்தியத்தில் பறந்து அடிபட்ட அமெரிக்க விமானங்கள் அங்கே வந்து போயின. நம்ம ஊர் ஃபிட்டர்கள், ரிவெட் அடிக்கிறவங்க, எஞ்சின் மெக்கானிக்குகள் அமெரிக்க ட்ராயிங்கையும் அமெரிக்க அளவுகளையும் ரெண்டு மூணு வருஷம் தினமும் தொட்டுப் பழகினாங்க. ஆயிரம் சிசேரியன் பார்த்த கையும், புத்தகம் மட்டும் படிச்ச கையும் ஒண்ணா?

இப்போ நீங்க அந்த டீம்ல ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. கான்பூர் வெட்டவெளியில நிக்கறீங்க. எதிர்ல பல டஜன் லிபரேட்டர்கள், எல்லாமே ஊனம். ஒண்ணுக்கு மூக்கு இல்லை, ஒண்ணுக்கு வால் இல்லை. பத்துல இருந்து பாகங்களை எடுத்து நாலைஞ்சைத் தேத்தலாம்னு தோணும். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஒரே மாடல்தானே, அதை எடுத்து இதுல மாட்டு!

அங்கேதான் சிக்கல். பி-24ஐ அஞ்சு ஆலைகள் செஞ்சுச்சு. கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் சான் டியாகோ ஆலை, அதே நிறுவனத்தின் ஃபோர்ட் வொர்த் ஆலை, ஃபோர்டின் வில்லோ ரன், டக்ளஸின் டல்சா, நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் டல்லாஸ். மாடல் பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து வரும், அது எந்த ஆலையில பொறந்ததுன்னு சொல்லும். நம்ம பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஃபோர்டுக்காரங்க கார் உலகத்து ஆளுங்க. விமானக் கம்பெனியோட ட்ராயிங்கை அப்படியே ஏத்துக்காம தங்கள் அச்சு இயந்திரங்களுக்கு ஏத்த மாதிரி புதுசா வரைஞ்சாங்க. விளைவு, ஒரு ஆலையில செஞ்ச பாகம் இன்னொரு ஆலையில செஞ்ச விமானத்துல அப்படியே போய் உட்காரும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. துளை கொஞ்சம் தள்ளியிருக்கும், வளைவு கொஞ்சம் மாறியிருக்கும். மூக்கு முனையில இருக்கற துப்பாக்கிக் கூண்டே ரெண்டு வகை. எமர்சன் கம்பெனியோடது ஒண்ணு, கன்சாலிடேட்டட் வடிவமைச்சது ஒண்ணு. கூண்டு மாறினா அதைத் தாங்கற மூக்கோட வடிவமும் மாறும்.

இது போதாதுன்னு ஃபோர்டு தன் பாகங்களைப் பிரிச்சு கிட் கிட்டா கட்டி டல்சாவுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் அனுப்பிச்சு. அங்கே பூட்டினாங்க. ஆக, "இது ஃபோர்ட் வொர்த் விமானம்"னு தகடு சொல்லும், உள்ளே இருக்கறது ஃபோர்டு பாகமா இருக்கும். அப்பா பேரு ஒண்ணு, ரத்த க்ரூப் வேற!

ரத்த க்ரூப்னு சும்மா சொல்லல. பழைய விமானம் புதுப்பிக்கறவங்களோட பாதி வேலை க்ராஸ் மேட்ச் பண்றதுதான். கையில ஒரு துருப்பிடிச்ச துண்டு கிடைக்குது. எந்த விமானத்தோடது? முதல்ல தேடறது பாக நம்பர். கன்சாலிடேட்டட் கம்பெனிக்கு லிபரேட்டர் 32ஆவது மாடல், அதனால பாக நம்பர்கள் 32ல ஆரம்பிக்கும். அதே கம்பெனியோட கேட்டலினா கடல் விமானம்னா 28. பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரோட மூல வடிவமைப்பு 300, அதனால 300ன்னு ஆரம்பிச்சா அது ஸ்பிட்ஃபயர்; 361னு வந்தா அது மார்க் 9 வகைக்காகப் பின்னாடி வரைஞ்சது. ஒரு வயலை உழும்போது கிடைச்ச ஒற்றைத் தகட்டை வெச்சு, ரெண்டு மூணு இலக்கத்துல ஆளை அடையாளம் கண்டுபிடிச்சுடறாங்க.

நம்பர் அழிஞ்சிருந்தா? பெயின்ட்டைச் சுரண்டுவாங்க. அடியில மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பூச்சு இருக்கும், ஜிங்க் குரோமேட். அதோட சாயல் ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும். அதுக்கும் அடியில, தகடு உருட்டின கம்பெனி மையால அச்சடிச்ச எழுத்து வரிவரியா தெரியும், இது என்ன கலவை, எந்தப் பதம்னு. அப்புறம் இன்ஸ்பெக்டர் வெச்ச சின்ன வட்ட முத்திரை. அந்த மை முத்திரையைப் பார்க்கறப்போ எனக்கு எப்பவும் ஒரு நடுக்கம். 1944ல ஏதோ ஒரு ஊர்ல ஒருத்தர், பெரும்பாலும் ஒரு பெண், அந்தப் பாகத்தைத் தொட்டுப் பார்த்து "சரியா இருக்கு"ன்னு குத்தின முத்திரை. இன்னும் அழியல.

சில நல்ல விஷயங்களும் உண்டு. லிபரேட்டரோட எஞ்சின் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830. 14 சிலிண்டர், 1,200 குதிரைத் திறன். உலகத்துல 1,70,000க்கு மேல் தயாரிச்ச எஞ்சின். டகோட்டாவிலும் இதே குடும்பம்தான். இந்தியாவில் அப்போ டகோட்டாக்கள் மலிஞ்சு கிடந்தன. அதைப் பிரிச்சு மேயத் தெரிஞ்சவங்களும் நிறைய இருந்தாங்க. ஆனா லிபரேட்டர் எஞ்சின்ல கூடுதலா ஒரு டர்போ சூப்பர்சார்ஜர் உண்டு. உயரத்துல காத்து மெலிஞ்சா எஞ்சினுக்கு மூச்சு கொடுக்கற ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. டகோட்டாவில் அது கிடையாது. அண்ணன் தம்பிதான், ஆனா எல்லா உறுப்பும் பொருந்தாது. ஒரு விமானத்துக்கு 56 சிலிண்டர், சிலிண்டருக்கு ரெண்டு ஸ்பார்க் பிளக், ஆக 112 பிளக். மணல் கொட்டின எஞ்சின்னா எல்லாத்தையும் கழட்டித்தான் ஆகணும்.

ரிவெட் பத்தி ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுப் போறேன், நர்ஸ் சிஸ்டர்ஸ் ரசிப்பாங்க. விமானத்துல பலம் தாங்கற இடத்துல அடிக்கற சில வகை ரிவெட்டை முதல்ல சூடுபடுத்தி, தண்ணியில முக்கி, உடனே ஃப்ரிட்ஜ்ல வெக்கணும். வெளியே வெச்சா அந்த அலுமினியக் கலவை தானாவே இறுகிடும். இறுகினதுக்கு அப்புறம் சுத்தியல் அடிச்சா விரிசல் விடும். அதனால எடுத்த சில நிமிஷத்துக்குள்ள அடிச்சு முடிக்கணும். பேரே ஐஸ்பாக்ஸ் ரிவெட். தடுப்பூசிக்கு நாம கோல்ட் செயின்னு அடிச்சுக்கறோமே, அங்கே ரிவெட்டுக்குக் கோல்ட் செயின்!

விரிசல் கண்டுபிடிக்கற முறையும் நமக்குத் தெரிஞ்சதுதான். ஒளிரும் சாயத்தை உலோகத்து மேல தடவி, துடைச்சுட்டு, புற ஊதா விளக்கு அடிப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத விரிசல்ல சாயம் தங்கி பளிச்னு ஒளிரும். கண் டாக்டர் உங்க கண்ணுல மஞ்சள் சொட்டு விட்டு நீல லைட் அடிச்சுக் கருவிழிக் கீறலைப் பார்க்கறாரே, அதே கதை. அலுமினியத்துல இன்னொரு வியாதி, வெளியே வழுவழுன்னு நல்லா இருக்கும், உள்ளே ஏடு ஏடா பிரிஞ்சு வரும். சுகர் பேஷன்ட்டோட கால் மாதிரி. "வலியே இல்லையே டாக்டர்"னு சொல்லிட்டே வருவாங்க.

கான்பூருக்குத் திரும்புவோம். எச்.ஏ.எல். செஞ்ச முடிவு புத்திசாலித்தனமானது. முழு வைத்தியத்தைக் கான்பூரில் பார்க்கல. பெங்களூர் வரைக்கும் ஒரே ஒரு தடவை பறக்கற அளவுக்கு அங்கே தேத்தறது, மிச்ச ஆபரேஷனை பெங்களூரில் பார்த்துக்கறது. ஸ்டெபிலைஸ் அண்ட் ரெஃபர்! பி.எச்.சி.யில வேலை பார்த்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும். வழியில போயிடாம இருக்கணுமே.

அந்த ஆம்புலன்சை ஓட்டினவர் எச்.ஏ.எல்.லின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. சேதப்படுத்தி, இரண்டு மழைக்காலம் பார்த்து, ஒட்டுப்போட்ட நாலு எஞ்சின் விமானங்களை ஒவ்வொண்ணா கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிக்கிட்டு வந்தார். நேர்க்கோட்டுல ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு தடவை பண்ணினா துணிச்சல். காலப்போக்கில் இப்படி மீண்டு வந்த விமானங்கள் 40க்கு மேல். இதே முன்ஷிதான் 1951 ஆகஸ்ட்டில் இந்தியாவே வடிவமைச்ச எச்.டி.-2 பயிற்சி விமானத்தை முதல் முதலா பறக்க வெச்சவர்.

1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆவது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களுடன் உருவாகி புனேவுக்குப் போனது. 1951ல் 6ஆவது ஸ்குவாட்ரன், கடல் ரோந்துக்காக. சாகணும்னு மணல் கொட்டின விமானங்கள் அதுக்கப்புறம் இருபது வருஷம் அரபிக்கடல், வங்காள விரிகுடா மேல சுத்திச்சு. 1968 கடைசியில்தான் ஓய்வு கொடுத்தாங்க. உலகத்துல ராணுவப் பணியில் லிபரேட்டரைக் கடைசியா பறக்கவிட்ட நாடு நாமதான்.

1968ல் பார்த்தா, உலகம் பூரா 18,000 லிபரேட்டர்ல மிச்சம் விரல்விட்டு எண்ணற அளவு. அமெரிக்காவே தன்னோடதை உருக்கிப் பாத்திரம் பண்டமா மாத்திடுச்சு. முழுசா, பறக்கற நிலையில இருந்தது இந்தியாவில். உடனே அருங்காட்சியகங்கள் இங்கே திரும்பின. கனடாவுக்கு ஒண்ணு 1968ல் போச்சு, இன்னிக்கும் ஒட்டாவாவில் இருக்கு. 1969ல் ஒண்ணு இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் டூசான் வரை தன் சொந்த இறக்கையில் பறந்தே போய் பீமா அருங்காட்சியகத்தில் இறங்கிச்சு. 1974ல் இன்னொண்ணு பிரிட்டனுக்கு, ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்துக்கு. அழிச்சுட்டுப் போனவங்களே வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. நாமளும் கொடுத்தோம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ் இன்னொண்ணு. 1944 ஆகஸ்ட்டில் ஃபோர்ட் வொர்த்தில் பொறந்து, பிரிட்டிஷ் படைக்கு வந்து, கான்பூரில் கைவிடப்பட்டு, 1968 வரை இந்தியாவுக்கு உழைச்சு, அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல சும்மா கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர் அதைப் பிரிச்சு, சரக்கு விமானத்துல ஏத்தி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1984ல் அமெரிக்காவின் காலிங்ஸ் ஃபவுண்டேஷன் வாங்கி, கப்பலில் கொண்டுபோச்சு. முதல்ல சும்மா காட்சிக்கு நிறுத்தத்தான் திட்டம். போரில் பி-24ல பறந்த தாத்தாக்கள் விடல. பறக்கணும்னு நின்னாங்க. ஃப்ளோரிடாவின் கிசிம்மியில் டாம் ரெய்லியின் பட்டறையில் கடைசி ரிவெட் வரை பிரிச்சு மறுபடி கட்டினாங்க. அந்த அமைப்பின் கணக்குப்படி கிட்டத்தட்ட 97,000 மணி நேர மனித உழைப்பு. 1989ல் பறந்தது.

அதுக்குப் பேர் வெச்சாங்க. முதல்ல ஆல் அமெரிக்கன். கடைசியா விட்ச்கிராஃப்ட், ஐரோப்பாவில் 130 தாக்குதல் பறப்புகள் முடிச்ச வேறொரு பி-24ன் பேர், அதோட நிறம். பீமாவில் இருக்கறதுக்கும் இங்கிலாந்திலிருந்து பறந்த ஒரு அமெரிக்க விமானத்தோட பேர்தான். மியூசியம் நடத்தறவங்க தரப்பு புரியுது. அங்கே வர்ற தாத்தாக்களுக்கு அவங்க ஓட்டினது வேணும். ஆனா அந்த விமானம் இந்தியாவுக்கு உழைச்ச இருபது வருஷம் ஒரு பெயின்ட் கோட்டுக்குக் கீழே போயிடுச்சு. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைக்கல.

ஆமா, இவ்வளவு மாத்தினதுக்கு அப்புறம் அது அதே விமானம்தானான்னு கேப்பீங்க. நம்ம ஊர்த் தேரைப் பாருங்க. சக்கரம் மாத்தறோம், அச்சு மாத்தறோம், ஒரு தலைமுறையில மரமே முக்கால்வாசி புதுசு. யாராவது "இது வேற தேர்"னு சொல்றோமா? விமான உலகத்துல அந்தத் தேர்க்கால் மாதிரி இருக்கறது தகடு, டேட்டா பிளேட். சில ஸ்பிட்ஃபயர்ல தகடும் கொஞ்சம் உலோகமும்தான் பழசு, மிச்சமெல்லாம் புது அலுமினியம், ஆனாலும் ஆவணப்படி அது 1940கள் விமானம். நம்ம விமானப்படைக்கு 2018ல் ஒரு டகோட்டா வந்தது, பரசுராமா. ராஜீவ் சந்திரசேகர், டகோட்டா விமானியா இருந்த தன் அப்பாவுக்காக வாங்கி, பிரிட்டனில் புதுப்பிச்சுப் பரிசாக் கொடுத்தது. அதுக்கு வி.பி.905ன்னு எண் கொடுத்தாங்க. 1947 அக்டோபர் 27ல ஸ்ரீநகர்ல சீக்கியப் படையை இறக்கின டகோட்டாவோட எண். எண்ணும் ஒரு நினைவுச் சின்னம்தான். இதுல தப்பு எதுவும் இல்லை, என்ன செஞ்சிருக்கோம்னு சொல்லிட்டா போதும்.

இனி எழுதறது கஷ்டமான பகுதி.

காலிங்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட பி-17 ரக குண்டுவீச்சு விமானம் ஒண்ணும் இருந்தது, நைன்-ஓ-நைன்னு பேர். லிபரேட்டரும் அதுவும் ஊர் ஊரா போகும், காசு கட்டினவங்களை ஏத்திக்கிட்டுப் பறக்கும். 2019 அக்டோபர் 2, கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையம். 13 பேரோட அந்த பி-17 கிளம்பிச்சு. சில நிமிஷத்துல நாலாவது எஞ்சின் தகராறு பண்ண, திரும்பி வந்தாங்க. ஓடுபாதைக்கு முன்னாடியே தரை தட்டி, வண்டிகள்லயும் பனி நீக்கும் திரவத் தொட்டியிலயும் மோதி எரிஞ்சுபோச்சு. ஏழு பேர் இறந்தாங்க.

அமெரிக்க விபத்து ஆய்வு வாரியத்தோட அறிக்கை 2021ல் வந்தது. நான் அதை ஒரு மகப்பேறு மரண ஆய்வு அறிக்கையைப் படிக்கற மாதிரிதான் படிச்சேன். நேரடிக் காரணம், எஞ்சினை நிறுத்தின பிறகு விமானி வேகத்தையும் விமானத்தோட நிலையையும் சரியா கையாளல. அதுக்குப் பின்னாடி பராமரிப்பு. நாலாவது எஞ்சினின் ஒரு மேக்னெட்டோவோட ஒயர் கழண்டு, அதைக் கம்பியால கட்டி வெச்சிருந்தாங்க. இன்னொரு மேக்னெட்டோவில் பாயின்ட் இடைவெளி இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லை. மூணாவது எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இடைவெளிகள் தப்பு. விமானியும் பராமரிப்புத் தலைவரும் ஒரே ஆள். பாதுகாப்பு நிர்வாகம் சரியா இல்லை, அரசுக் கண்காணிப்பும் போதலன்னு எல்லாத்தையும் எழுதியிருக்காங்க. அறிக்கை வர்றதுக்கு முன்னாடியே, 2020 மார்ச்சில், காசு வாங்கிக்கிட்டு ஆளை ஏத்தற அனுமதியை அந்த அமைப்புக்கு ரத்து பண்ணிட்டாங்க.

கவனிச்சீங்களா? அந்த அறிக்கை சொல்ற பராமரிப்புக் குறைகள்ல கிடைக்காத அரிய பாகம் எதுவும் இல்லை. 32ல ஆரம்பிக்கற நம்பரைத் தேடி வயக்காட்டுல அலைய வேண்டிய சமாச்சாரம் இல்லை. பிளக்கோட கேப். எல்லா டூ-வீலர் மெக்கானிக்கும் பார்க்கற கேப். ஆயிரக்கணக்கான மணி நேரம் செலவு பண்ணி உயிர் கொடுத்துட்டு, டூர்ல இருக்கும்போது அன்னன்னிக்குப் பார்க்க வேண்டியதை விட்டுட்டாங்க. பைபாஸ் சக்சஸ், வீட்டுக்குப் போனதும் மாத்திரையை நிறுத்தின கதைதான்.

தானே ஆபரேஷன் பண்ணி, அந்த ஆபரேஷனை தானே ஆடிட் பண்ற டாக்டரை நான் பார்த்திருக்கேன். கெட்டவர் இல்லை. அபாரத் திறமை. அதனாலேயே யாரும் அவர்கிட்ட கேள்வி கேட்கல.

நான் பல வருஷமா ஒரு கனவு வெச்சிருந்தேன். அமெரிக்கா போனா அந்த இந்திய லிபரேட்டர்ல ஒரு தடவை ஏறிடணும்னு. என் வீட்டம்மாவுக்கு இந்தக் கனவு தெரியும், எவ்வளவு செலவாகும்னு மட்டும் தெரியாது. அந்த அறிக்கையைப் படிச்ச பிறகு என் நிலைப்பாடு மாறிடுச்சு. இந்த விமானங்கள் பறக்கட்டும், பறக்காத விமானத்தோட சத்தத்தை எந்த மியூசியமும் காட்ட முடியாது. பயிற்சி பெற்ற, ஆபத்து தெரிஞ்ச விமானிகள் ஓட்டட்டும். டிக்கெட் வாங்கிட்டு வர்ற அப்பாவையும் பையனையும் ஏத்த வேண்டாம். "வரலாற்றோட வாசனையே போயிடும் டாக்டர்"னு என் நண்பர் ஒருத்தர் சண்டைக்கு வந்தார். வரட்டும். பேஷன்ட் கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து போட்டா மட்டும் போதாது, என்ன கையெழுத்து போடறோம்னு புரியணும். மேக்னெட்டோவைக் கம்பியால கட்டியிருக்குன்னு அந்தப் பயணிகள்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

முன்ஷி கான்பூரிலிருந்து கிளம்பும்போது பின்னாடி சுற்றுலாப் பயணிகள் யாரும் உட்கார்ந்திருக்கல.

டெல்லி போறவங்களுக்கு ஒரு தகவல். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல பாலத்துல விமானப்படை அருங்காட்சியகம் இருக்கு. அங்கே ஒரு லிபரேட்டர் நிக்குது, இந்திய வட்டச் சின்னத்தோட, சொந்த அடையாளத்தோட. அடுத்த தடவை ஃப்ளைட்டுக்கு நேரம் இருந்தா போய்ப் பாருங்க. கிட்டப் போக விட்டா உடம்புல ஒட்டுப்போட்ட தகடு ஏதாவது தெரியுதான்னு தேடுங்க, ரிவெட் வரிசை திடீர்னு மாறும் இடம். ஃபோட்டோ எடுத்தா கமென்ட்ல போடுங்க. ஓ.டி. லைட் தம்பிக்கும் காட்டணும்.